வாய்ப்பூட்டு விழுந்த ஆடி

உதட்டுக் கொப்புளத்துக்காக ஆஸ்பத்திரியில் படுத்தவன் நான் என்று சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். கால் உடைந்து படுத்தவனுக்கு ஒரு மரியாதை உண்டு. காமாலை கண்டவனுக்கும் உண்டு. வாய்ப்புண்ணுக்கு என்ன மரியாதை இருக்கிறது? ஆனால் அந்த ஆடி மாதத்தில் என் வாயோடு என் பெண்டாட்டியும் கையை விட்டுப் போயிருப்பாள். அதனால்தான் எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டுப் படிக்கட்டும்.

எண்பதுகளின் கடைசி அது. தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டர். பெயர் சவரிமுத்து. வாய் ஓயாதவன் என்று அந்த லைனில் எனக்குப் பெயர். சில்லறை கொண்டுவராதவன், படியில் தொங்குகிறவன், மீன் கூடையை சீட்டுக்கடியில் ஒளித்துக் கொண்டுவருகிறவன் என்று எல்லோருக்கும் ஒரு பேச்சு வைத்திருப்பேன். டிக்கெட் புத்தகத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். விரலை நாக்கில் தொட்டால்தான் ஒற்றைத் தாளாகக் கிழியும். காலையில் முதல் டிரிப் ஏறியதிலிருந்து ராத்திரி பஸ்ஸை விடும்வரை விரல் நாக்குக்கும் டிக்கெட்டுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். எல்லாக் கண்டக்டருக்கும் அதுதான் பழக்கம். அதில் ஒரு தப்பு இருப்பதாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

முப்பதைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் கல்யாணம் ஆனது. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் தாலி கட்டமாட்டார்கள் என்பதால் ஈஸ்டர் கழித்து, கத்திரி வெயிலில் நடந்தது. பெண் பாப்பாரப்பட்டி. பெயர் லூர்துமேரி. போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது அவள் முக்காட்டை உதட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டாள். கீழுதட்டு ஓரத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்து காய்ந்திருந்தது. "வெயில் கொப்புளங்க. வருசா வருசம் வரும், தானா போயிரும்" என்றாள் அன்று சாயங்காலம். அவளாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். ஆனி மாதம் அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தபோது அதே இடத்தில் மறுபடி நாலைந்து கொப்புளம் வந்தது. அவளும் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை.

அது காய்ந்த கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஈறு வீங்கியது. உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் என்று வாய் முழுக்கக் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகிவிட்டது. எச்சில் விழுங்கினால் மிளகாய்த்தூளை விழுங்குவது போல எரிந்தது. வலது ஆள்காட்டி விரலில் நகத்தோரம் வீங்கித் தெறித்தது. நகச்சுத்தி என்று லூர்து எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் செருகிவிட்டாள். வீட்டுக்காரம்மா என் மூஞ்சியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்கறா. ஊசி கீசி போட்டுராதீங்க, கோவிச்சுக்குவா. தாளிக்கக்கூட கூடாது" என்றாள்.

நிலைப்படியில் வேப்பிலை செருகினாள். வேதக்காரனாக இருந்தாலும் வாடகை வீட்டில் இருக்கிறவன் வீட்டுக்காரம்மாவின் ஆத்தாளையும் அனுசரித்துத்தான் போகவேண்டும். லூர்து தன் பங்குக்கு செபஸ்தியாருக்கு நேர்ந்துகொண்டாள். அம்மைக்கு எங்களுக்கு அவர்தான். நான் வேப்பிலைப் படுக்கையில், விரலில் எலுமிச்சம்பழத்தோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் கிடந்தேன். கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் எனக்கு மூத்திரம் போவது நின்றுவிட்டது. அப்போதுதான் லூர்து பயந்தாள். வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ரோட்டுக்குப் போய் எங்கள் பஸ்ஸையே கை காட்டி நிறுத்தினாள். டிரைவர் மாதையன் என்னைவிட மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். அவரே இறங்கி வந்து என்னைத் தூக்கி முன்சீட்டில் கிடத்தினார். பிறகு நடு ஸ்டாப் எதிலும் நிறுத்தாமல் ஓட்டினார். நான் டிக்கெட் கிழிக்காமல் அந்த பஸ்ஸில் போனது அது ஒருமுறைதான்.

தர்மபுரியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரம்மா கர்நாடகாப் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஒகேனக்கல் லைனில் ஓடியதால் எனக்கு அது புரியும். பார்க்கிறவர்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று வார்டின் மூலையில் பச்சைத் துணித் தட்டிக்குப் பின்னால் என்னைப் படுக்கவைத்தார்கள். தண்ணீர் இறங்காததால் இடது கையில் குளுகோஸ் ஏற்றினார்கள். வாய் முழுக்க ஊதா மருந்தைத் தடவினார்கள். நாவல்பழம் தின்ற வாய் போல் ஆனது, தின்ற ருசி மட்டும் இல்லை.

விரலைப் பார்த்த கம்பவுண்டர் எலுமிச்சம்பழத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீறிச் சீழை எடுத்துவிடலாம் என்று கத்தியைக் காய்ச்சக் கொண்டுபோனார். டாக்டரம்மா ஓடிவந்து தடுத்தார்.

"பேட, பேட. கத்தி வைக்கக் கூடாது. இது சீழ் இல்ல. வாயில இருக்கறதேதான் விரல்லயும் இருக்கு. கீறினா இன்னும் பரவும்."

கொப்புளத்தின் அடியில் லேசாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். சுரண்டியபோது எனக்கு உயிர் போய்விட்டு வந்தது. திரும்பி வந்து என் கால்மாட்டில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். இது அம்மை இல்லை. ஹெர்பீஸ் என்று ஒரு வைரஸ். உதட்டில் காய்ச்சல் கொப்புளம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அதன் மூலம் இதுதான். பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதிலேயே யாராவது கொஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும். பிறகு நரம்புக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். வெயில், காய்ச்சல், மனக்கவலை என்று சாக்குக் கிடைக்கும்போது உதட்டுக்கு வரும், தானாகக் காயும். எனக்குச் சின்ன வயதில் வரவில்லை. வளர்ந்தபிறகு முதல்முறை வருகிறவர்களில் சிலருக்கு இப்படி வாயையே கொள்ளையடித்துவிடும். நாக்கில் தொட்ட விரலில் ஒரு சின்ன வெடிப்பு இருந்திருக்கிறது, அது வழியாக விரலுக்கும் போய்விட்டது.

டிக்கெட் கிழித்த விரல். எனக்கு அப்போதே புரிந்தது. சொல்லத்தான் வாய் இல்லை.

புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, தர்மபுரியில் கிடைக்காது, பெங்களூரில் கிடைக்கும் என்றார். அதற்கு முன் வந்த ஊசி மாத்திரைகள் எல்லாம் பாக்டீரியாவுக்குத்தான், இதைத் தொடாது. இந்த மாத்திரையும் வைரஸைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். பஸ் கணக்கில் சொன்னால், ஏறினவனை இறக்கிவிடாது, புதிதாக ஒருத்தனையும் ஏறவிடாது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. வேப்பிலையில் படுத்தே நாள் போய்விட்டது, ஆனாலும் இன்னும் புதுக் கொப்புளம் வந்துகொண்டிருப்பதால் கொடுத்துப் பார்ப்போம் என்றார்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு மாதையன் அண்ணன் தட்டிக்குள் வந்தார். அந்த மனிதருக்குத் தமிழ் வாரப் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிற வழக்கம்.

"டே சவரி, டாக்டரம்மா இங்கிலீசுல ஒரு பேரு சொன்னாங்களே, அத நான் பத்திரிகையில படிச்சிருக்கறன்டா. அமெரிக்காக்காரனுக்கு வர்ற நோவு. கண்ட பொம்பளைங்ககிட்ட போனா வருமாம். அமுக்கமா இருந்துக்கினு எவளைடா புடிச்ச?"

கண்ணடித்துச் சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார், அவர் சுபாவம் அது. எழுந்து வெளியே போனார். அவர் போனதும் தட்டி அசைந்தது. லூர்து கையில் கஞ்சித் தூக்கோடு அந்தப்பக்கம் நின்றிருந்தாள்.

உள்ளே வந்து தூக்கைக் கீழே வைத்தாள். 

"அவரு சொன்னது நெசமாங்க?"

தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டியதில் ஊதா எச்சில் வழிந்து தலையணையில் விழுந்தது. எழுதிக் காட்டலாம் என்றால் வலது விரலில் மூட்டை மாதிரிக் கட்டு, இடது கையில் ஊசி. நாள் முழுக்க ஆயிரம் பேரிடம் வாயாடுகிறவனுக்கு ஒருத்தியிடம் ஒரு வார்த்தை சொல்ல வழியில்லாமல் போய்விட்டது. கட்டிலில் என்னைக் கட்டிப்போடவில்லை, அவ்வளவுதான். ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. தப்புப் பண்ணினவன் அழுகிறான் என்று அவள் நினைத்திருப்பாள்.

"சரி, படுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்றையிலிருந்து எனக்குத் தனி டம்ளர். கஞ்சியை அதில் ஊற்றி, முந்தானையால் பிடித்து, என் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பாள். ஒட்டுகிற நோய் என்று ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் டம்ளரை வைக்கும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வேளை தவறாமல் வந்தாள், உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்தாள், வழிந்ததைத் துடைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. கல்யாணமாகி ஒரு பருவம்கூட முடியவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? பஸ்ஸில் பொம்பளைகளோடு சிரித்துப் பேசுகிறவன் என்று தெரியும். அது போதாதா?

ஜன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு ரோடு. எங்கள் பஸ்ஸின் ஹாரன் எனக்கு அடையாளம் தெரியும். அது போகும்போதெல்லாம் வேறு எவனோ என் பையை மாட்டிக்கொண்டு "பென்னாகரம், பென்னாகரம்" என்று கத்துவான். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பேன்.

மாத்திரை வந்தது. மாதையன் அண்ணன் சீட்டை ஓசூர் டிரைவரிடம் கொடுத்து, அவர் பெங்களூர் டிரைவரிடம் கொடுத்து, அங்கே கடையில் வாங்கி, பஸ் பஸ்ஸாகக் கைமாறி தர்மபுரிக்கு வந்து சேர்ந்தது. விலையைக் கேட்டு லூர்து கம்மலைக் கழற்றப் போனாளாம். டிரைவர்களே போட்டுக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முழுங்க முடியாது என்பதால் தண்ணீரில் கலக்கி, முதலில் மரத்துப்போகிற மருந்தை வாயில் தடவி, அந்த மரப்பு விடுவதற்குள் ஊற்றவேண்டும். லூர்துதான் ஊற்றினாள். கோபத்திலும் ஒரு வேளை தவறவிடவில்லை.

புதுக் கொப்புளம் நின்றது. காய்ச்சல் இறங்கியது. ஒரு நாள் காலையில் லூர்து வெந்நீர் எடுக்கப் போயிருந்தபோது டாக்டரம்மா வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் ஆகி எவ்வளவு நாளாச்சு?"

ஈஸ்டருக்கு அப்புறம் என்று முக்கி முனகிச் சொன்னேன்.

"அதுக்கு முன்னால?"

தலையை ஆட்டினேன். ஒருத்தியும் இல்லை என்று புரிந்து அவர் சிரித்துவிட்டார். "சரி, வீட்டுக்காரிக்கு உதட்டுல எப்பவாவது..." என்று ஆரம்பிக்கும்போதே பிரசவ வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், ஓடிவிட்டார்.

எனக்கு அப்போதுதான் அந்த போட்டோ ஞாபகம் வந்தது. முக்காட்டை உதட்டுக்கு இழுத்தாளே, அது. ஆனியில் வந்தது. அட சேசுவே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். நான் தொட்ட முதல் பெண்ணும் கடைசிப் பெண்ணும் அவள்தான். அந்த உதட்டிலிருந்துதான் வந்திருக்கிறது.

சாயங்காலம் லூர்து கேட்டாள். "இப்ப பேச்சு வருதில்ல. சொல்லுங்க. யாரு அவ?"

நீதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பிடிபட்ட திருடன் வீட்டுக்காரனையே திருடன் என்று சொல்வது போல இருக்குமே என்று அடக்கிக்கொண்டேன். அவள் பாசத்தில் ஒட்டவைத்ததை நான் பழியாகத் திருப்பிக் கொடுக்கவா?

"யாரும் இல்ல. டாக்டரம்மா வரட்டும்" என்றேன்.

முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அவள் அண்ணன் அருளப்பன் வந்தார். மாதையன் அண்ணனின் விளையாட்டு டீக்கடையில் ஏறி, பாப்பாரப்பட்டி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. வெள்ளை வேட்டி கட்டி, என்னைத் தொடாத தூரத்தில் நின்றார்.

"ஆடி பொறந்துருச்சுங்க மாப்ளே. புதுப்பொண்ணை ஆடிக்குக் கூட்டிக்கினு போறது வழக்கம். லூர்து, துணிமணிய எடுத்து வையி."

ஞானஸ்நானம் வாங்கி எத்தனை தலைமுறை ஆனாலும் ஆடியை நாங்கள் விட்டதில்லை. ஆனால் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எவனும் ஆடிக்கு அழைக்கமாட்டான். இப்போது போனால் ஆவணியில் திரும்பி வரமாட்டாள். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

"டாக்டரம்மா வந்து போகட்டும் மச்சான்" என்றேன்.

"டாக்டரு என்னாங்க சாட்சியா?"

"கொஞ்ச நேரம்."

டாக்டரம்மா வந்தார். பையைப் பார்த்தார், அருளப்பனைப் பார்த்தார். என்ன நடக்கிறதென்று புரிந்ததா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நேராக லூர்துவிடம் போய் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"நேத்தே கேக்கணும்னு இருந்தேன். உனக்கு உதட்டுல கொப்புளம் வருமா?"

"வரும்ங்க. சின்னதுல இருந்தே வரும். வெயில் கொப்புளம்."

"கடைசியா எப்ப?"

"போன மாசம், காய்ச்சலோட."

"அதேதாம்மா இது. உனக்குப் பழகிப்போன கிருமி, அதனால ஓரத்துல சின்னதா வந்துட்டுப் போகும். இவருக்கு முதல் தடவை, அதனால வாய் பூரா. உங்கிட்ட இருந்துதான் வந்திருக்கு."

 அருளப்பன்தான் பேசினார்.

"அது எப்பிடிங்க? எங்க வூட்டுல எச்சில் பண்டம் யாரும் தொடமாட்டோம். தண்ணியே அண்ணாந்துதான் குடிப்போம். ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் வாய்க்கு எப்பிடிப் போவும்?"

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நிமக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

"அப்புறம் எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

அருளப்பனின் காது சிவந்துபோனதை நான் பார்த்தேன். லூர்து மட்டும் நிமிரவில்லை. மடியில் இருந்த பையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப அந்தப் பொம்பள நாந்தானா?"

அருளப்பன் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். "ஆடி அடுத்த வருசமும் வரும்ணா, அப்ப வர்றேன்" என்றாள் அவள். டாக்டரம்மாவும் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"நேத்துக் காலையில தெரிஞ்சுது."

"நேத்து கேட்டேனே, ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். பிறகு என் டம்ளரை எடுத்தாள். நான் பாதி குடித்து வைத்த கஞ்சி அதில் இருந்தது. அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. விளிம்பில் உதட்டை வைத்துக் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது, சிரித்ததும் உதடு வெடித்து ரத்தம் வந்தது. முந்தானையால் துடைத்து, சும்மா கெடங்க என்று அதட்டினாள்.

ஆடிப் பெருக்குக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். விரல் தோல் உரிந்து புதிதாக வந்தது. தபாலாபீசில் இருப்பது போல ஒரு சின்ன டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்சை லூர்து பையில் போட்டுக் கொடுத்தாள். அதில் விரலைத் தொட்டுத்தான் பிறகு டிக்கெட் கிழித்தேன். மற்ற கண்டக்டர்கள் கிண்டல் பண்ணினார்கள். மாதையன் அண்ணன் மட்டும் பண்ணவில்லை, கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. லூர்துதான் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். பத்திரிகையில் படித்ததை இனிமேல் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் போட்டாள்.

வைரஸ் போகவில்லை, போகாது என்று டாக்டரம்மா அன்றே சொல்லியிருந்தார். உதட்டில் கொப்புளம் வருவதற்கு முன்னால் ஒரு குறுகுறுப்பு வரும், அப்போதே மருந்தை ஆரம்பித்தால் சின்னதாக முடிந்துவிடும், கொப்புளம் இருக்கும்போது குழந்தைகளை முத்தமிடக் கூடாது, கண்ணில் கை வைக்கக் கூடாது. அதையெல்லாம் இன்றுவரை கடைப்பிடிக்கிறோம். பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். பங்குனி வெயிலில் நான் உதட்டை நாக்கால் தடவிப் பார்ப்பதை லூர்து அடுப்படியிலிருந்தே கவனித்துவிடுவாள்.

"என்னாங்க, அந்தப் பொம்பள வர்றாளா?" என்பாள்.